மேடையை விட்ட வாத்தியக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



பல்லாண்டுகள் ஒரு வாத்தியத்தை வாசித்து அதனாலேயே வாழ்ந்து, பின்னர் கையில் வந்த கோளாறாலோ, வேலை வற்றிப்போனதாலோ, குடும்ப நெருக்கடியாலோ வாசிப்பை நிறுத்த நேர்ந்தவர்களுக்கு இம்மடல் எழுதப்படுகிறது. வாசிப்பு நின்ற பின்னும் கலைஞரிடம் எஞ்சியிருக்கும் செவிப்பயிற்சி வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இன்று பெரிதும் வேண்டியிருக்கிறது என்பதும், அந்தப் பட்டறைக்குள் கலைஞர் அடியெடுத்து வைக்கும்போது மாணாக்கராகவே வைக்க வேண்டும் என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்துகள். இவற்றுள் இரண்டாவதை ஏற்காதவருக்கு முதலாவதால் பயன் விளையாது.

வாசிப்பு நிற்கும் விதங்களுள் வெளியாருக்கு எளிதில் விளங்காதது, மருத்துவர்கள் ஃபோக்கல் டிஸ்டோனியா என்று குறிப்பிடும் கோளாறாகும். குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்யும்போது மட்டும் சில விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்வதும் விறைத்துக்கொள்வதும் இதன் அடையாளம். வலி பெரும்பாலும் இராது, தசையிலும் எலும்பிலும் குறை தென்படாது. ஒரே அசைவை நுணுக்கமாகப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்வதால், ஒவ்வொரு விரலையும் தனித்தனியே உணர்ந்து இயக்கும் மூளைப்பகுதிகளின் எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடப்படுகிறது. பயிற்சி போதவில்லை என்று எண்ணி மேலும் கடுமையாகச் சாதகம் செய்பவருக்கு இது முற்றவே செய்யும் என்பதுதான் இதன் கொடுமை.

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர் (1928–2020) புகழின் உச்சியில் இருந்த 1960-களின் நடுப்பகுதியில், அவருடைய வலக்கையின் கடைசி இரு விரல்களும் உள்நோக்கிச் சுருளத் தொடங்கின. உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம்வரை அக்காலத்தில் தாம் சென்றதை அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். இடக்கைக்கென எழுதப்பட்ட படைப்புகளை வாசித்தும், இசைக்குழுக்களை நடத்தியும், பால்ட்டிமோர் நகரின் பீபடி இசைக்கல்லூரியில் கற்பித்தும் அவர் பல பத்தாண்டுகளைக் கடந்தார். போட்டுலினம் ஊசி உள்ளிட்ட சிகிச்சைகளுக்குப் பிறகு, இரு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு 2004-இல் வெளிவந்தது. அவருடைய வரலாற்றில் இம்மடலுக்கு வேண்டியது அந்த மீட்சி அன்று. இடைப்பட்ட காலமே வேண்டியது. வாசித்துக் காட்டிக் கற்பிக்க முடியாத நிலையில், ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே எடை கூட வேண்டும் என்பதைச் செவியால் கண்டு சொல்லால் விளக்கும் கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது. விரல் போன பின்னும் செவி போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இக்கோளாறு செயலைச் சார்ந்தது என்பதால், வாத்தியத்தின் மீது சுருளும் விரல் உளியையோ அரத்தையோ பிடிக்கையில் சொன்னபடி கேட்பது உண்டு. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று வாக்களிக்க இயலாது. மூட்டுவாதமோ நரம்புக் காயமோ உள்ளவர்களின் நிலை வேறு, செவித்திறன் குறைந்தவர்களின் நிலை இன்னும் வேறு. எனவே பட்டறையை நாடுமுன் மருத்துவரை நாடுவது முறை.

உடலில் குறையேதும் இன்றி வேலை மட்டும் போனவர்களின் எண்ணிக்கை நம் நாட்டில் சிறிதன்று. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசையாக, செல்லோ வரிசையாக அமர்ந்து, வைத்த சுரத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தவர்கள் ஒரு தலைமுறைக்காலம் திரையிசையைச் சுமந்தார்கள். மின்னணுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான மிடி என்னும் பொது முறை 1983-இல் வந்தது; பதிவு செய்து சேமித்த வாத்திய ஒலிகளை விசைப்பலகை வழியே ஒலிக்கச் செய்யும் முறையும் அதனுடன் பரவியது; பின்வந்த ஆண்டுகளில் ஒரு பகுதி வேலை ஒரே மனிதரின் மேசைக்குச் சுருங்கியது. நாடக மேடையின் ஆர்மோனியக்காரர்களுக்கும் திருமண ஊர்வலத்தின் பேண்டு வாத்தியக்காரர்களுக்கும் நேர்ந்தது இதே கதையின் வேறு பக்கங்கள்.

இனி, பழுதுபார்ப்பு என்பது இவர்களுக்கு முற்றிலும் அந்நியமான தொழிலா என்று பார்க்கலாம். நாகசுரக் கலைஞர் மேடையில் அமரும்போது வாத்தியத்தின் உச்சியிலிருந்து சில சீவாளிகளும் ஓர் ஊசியும் நூலில் தொங்குவதைக் கேட்போர் அனைவரும் கண்டிருப்பர். சீவாளி என்பது நாணலால் செய்யப்பட்டு வாயில் வைத்து ஊதப்படும் பகுதி. ஈரம் ஏறியும் காய்ந்தும் அதன் வாய் விரியும் அல்லது ஒட்டிக்கொள்ளும் என்பதால், கச்சேரியின் நடுவிலேயே அதைத் திருத்துவதும் மாற்றுவதும் கலைஞரின் அன்றாட வேலை. தம்புராவின் குதிரை மீது தந்திக்கு அடியில் பஞ்சுநூலை மயிரிழை அளவு நகர்த்தி ‘ஜீவா’ என்னும் ரீங்காரத்தைப் பிடிப்பவரும், மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி வேண்டிய கும்காரம் வரும்வரை கூட்டியும் குறைத்தும் பார்ப்பவரும் வாசிப்பவர்களே. நல்ல வாசிப்பாளர் ஒவ்வொருவரும் ஓரளவு பழுதுபார்ப்பவராகவே இருந்திருக்கிறார். பட்டறையில் அந்தச் சிறு பகுதி முழுநேர வேலையாகிறது, அவ்வளவுதான்.

செவியின் பங்கு எவ்வளவு என்பதை வீணையில் தெளிவாகக் காணலாம். வீணையின் தண்டி மீது நெடுக இரு வரப்புகளாக மெழுகு வைத்து, அதில் 24 மெட்டுகளைப் பதிப்பதை மேளம் கட்டுதல் என்பர். தேன்மெழுகுடன் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கலவை சூட்டில் இளகிச் சுரண்டலில் தேயும். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து மெட்டுகளில் பள்ளம் விழும். நாளடைவில் சில இடங்களில் சுரம் விலகும், சில இடங்களில் தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும். அப்போது பழைய மெழுகை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். கட்டுபவர் இளஞ்சூடான மெழுகில் மெட்டை நிறுத்தி, ஒரு கையால் மீட்டிக்கொண்டே மறு கையால் அதை நகர்த்தி, சுரம் நின்றதும் அழுத்திப் பதிக்கிறார். ஒரு மெட்டைச் சரியாக வைத்தால் போதாது. அதன் உயரம் முன்னதைவிடச் சற்றே தாழ்ந்தும் பின்னதைவிடச் சற்றே உயர்ந்தும் இருந்தால்தான் தந்தி எங்கும் உரசாது, ஆனால் மிகத் தாழ்ந்தால் கமகத்தில் விரல் சறுக்கும். காந்தார மெட்டைப் பதிக்கும்போது, அந்த வீணையின் உரிமையாளர் தோடி இராகத்தில் அதை எப்படி அசைப்பார் என்பதைக் கேட்டிருக்கும் செவிக்கும், சுருதிப்பெட்டியோடு ஒத்துப்பார்ப்பதோடு நிற்கும் செவிக்கும் இடையே இருக்கும் தூரம் மிகப் பெரிது. சுருதி காட்டும் கைபேசிச் செயலிகள் இப்போது உண்டு. அவை சம இடைவெளியில் பகுக்கப்பட்ட சுரத்தானங்களைக் காட்டுமே ஒழிய, அந்த வாத்தியத்தில் அந்த வாசிப்புக்கு எது ஏற்றது என்று சொல்வதில்லை.

வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை தட்டையாக அகன்று மிக மெல்லிய வளைவுடன் இருப்பதற்கான காரணத்தை இயற்பியலாளர் சர் சி. வி. இராமன் 1921-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவின்றி நிற்க வேண்டிய மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் நுண்சுரங்கள், எழக்கூடாது என்பது மேலைநாட்டு ஒலியியலில் நெடுங்காலம் நிலவிய விதி. நம் வாத்தியங்களில் அவ்விதி பொய்ப்பதையும், தந்தி அதிரும்போது வளைந்த குதிரையின் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுவதே அதற்குக் காரணம் என்பதையும் அவர் காட்டினார். பட்டறையில் இதன் பொருள் நேரடியானது: குதிரையின் உலோகத் தகட்டைத் தேய்ப்பவர் அந்த வளைவை அரத்தின் ஓர் இழுப்பில் கெடுத்துவிடலாம், கெட்டதைக் கண் காட்டாது, காதுதான் காட்டும்.

வயலின் பழுதுபார்ப்பில் கற்க வேண்டிய முதற்பாடம் பொறுமை என்று பொதுவாகச் சொல்வதைவிட, பசை என்று சொல்வது பயனுடையது. அதன் மேல்பலகையும் விலாப்பலகைகளும் நம் தச்சர்கள் வச்சிரம் என்றழைக்கும் விலங்குப் பசையால் ஒட்டப்படுகின்றன. மழைக்காலத்தில் மரம் ஊதிக் கோடையில் சுருங்கும்போது, பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பசை அளவோடு வைக்கப்படுகிறது. வெந்நீரும் மெல்லிய தகடும் கொண்டு அதை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்துகொண்ட ஒட்டை எபாக்சி என்னும் செயற்கைப் பசையால் அடைக்கும் அவசரக்காரர் அடுத்த தலைமுறைப் பழுதுபார்ப்பவரின் வழியையும் சேர்த்தே அடைக்கிறார். பின்னால் வருபவர் பிரித்துத் திருத்த முடியாத எதையும் செய்யாமலிருப்பது இத்தொழிலின் தலையாய அறம். நூறாண்டுப் பழமையான வாத்தியங்கள் இன்றும் வாசிக்கப்படுவது அந்த அறத்தைப் பலர் காத்ததால்தான்.

அதே வயலினுக்குள், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே, பட்டறையில் சவுண்ட் போஸ்ட் என்று வழங்கும் சிறு மரக்குச்சி ஒன்று நிற்கிறது. சுண்டுவிரலைவிட மெலிந்த அக்குச்சிக்குப் பசை கிடையாது. தந்திகள் குதிரை வழியே தரும் அழுத்தத்தால் மட்டுமே அது நிற்கிறது. எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றினால் அது விழுந்துவிடக்கூடும் என்பதாலேயே தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்கிறார்கள். விழுந்ததை, வளைந்த கம்பிக் கருவி ஒன்றால் மேல்பலகையின் துளை வழியே உள்ளே செலுத்தி மீண்டும் நிறுத்த வேண்டும். குதிரையின் காலிலிருந்து அது நிற்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் நாதம் மாறும்: ஓர் இடத்தில் மேல்தந்தி கூர்மையாகவும், இன்னோர் இடத்தில் கீழ்த்தந்தி நிறைவாகவும் ஒலிக்கும். கருநாடக இசையில் வயலின் பஞ்சம, ஷட்ஜ முறையில், மேலைமுறையைவிடப் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் கூட்டப்படுவதால், தந்தியின் அழுத்தமும் வேறு. மேலைநாட்டுக் கையேடு சொல்லும் இடமே நமக்கும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. முப்பது ஆண்டு பாட்டுக்குப் பக்கம் வாசித்த ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டால், பொருந்தும் இடத்தைத் தேடுவதில் அவருக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் கிட்டாது.

ஆர்மோனியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்தபோதும் நாடக மேடையும் பஜனை மடமும் அதைக் கைவிடவில்லை. அதன் பித்தளை நாக்கை நுனியில் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுருதி இறங்கும்; சுரண்டிய சூடு ஆறும்வரை அது காட்டும் சுருதியை நம்பக்கூடாது. இந்த வேலையைக் கற்கத் தொடங்குபவருக்கு ஏற்ற வாத்தியம் இதுவே, ஏனெனில் கெட்டுப்போன நாக்குக்கு மாற்று நாக்கு கிடைக்கும்.

மிருதங்கத்துக்கு வரும்போது இம்மடலின் இரண்டாவது கருத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் வலப்பக்கமாகிய வலந்தலை, வெட்டுத்தட்டு, கொட்டுத்தட்டு முதலிய அடுக்குத் தோல்களால் ஆனது. நடுவில் கருவட்டமாகக் காண்பது கரணை. கிட்டான் கல்லின் பொடியையும் குழைந்த சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய பூச்சாகத் தடவி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மீண்டும் தடவித் தேய்த்து அடுக்கடுக்காக அது வளர்க்கப்படுகிறது. வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் மேற்சுரங்கள் தமக்குள் இசைந்து நிற்பதில்லை. நடுவில் ஏற்றிய இந்தக் கரணையே அவற்றை இசைந்த வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை இராமன் 1920-இலும் பின்னர் 1934-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார். அவர் விளக்கியதை அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்துவந்தவர்கள் தோல் வேலை செய்யும் குடும்பத்தினர். அவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் அக்குடும்பங்களின் வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் அறிவு இருந்ததை வாசிப்பாளர் வட்டாரம் அறியும்; ஆனால் கச்சேரி விளம்பரத்தில் அத்தகையோரின் பெயர் இடம்பெறும் வழக்கம் ஏற்படவில்லை. மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோலைத் தேர்ந்து, கழுவி, பதம் பார்த்து, அடுக்குகளை மூட்டாகக் கட்டி, வார் பிடித்தவர் வாசலோடு நிறுத்தப்பட்டதும், அந்தத் தோலின் மீது விரல் வைத்தவர் மேடைக்கு அழைக்கப்பட்டதும் நம் இசை வரலாற்றின் மறைக்கவியலாத பகுதி.

வாசிப்பை விட்ட கலைஞர் பழுதுபார்ப்புத் தொழிலுக்கு வரும்போது, இந்த ஏற்றத்தாழ்வும் அவரோடு சேர்ந்தே உள்ளே வருகிறது. அவருக்குப் பெயர் இருக்கிறது, மாணவர் வட்டம் இருக்கிறது, சபாக்களோடும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடும் தொடர்பு இருக்கிறது. அவற்றைக் கொண்டு ஒரு நல்ல தெருவில் கடை திறந்து, உள்ளறையில் பரம்பரைக் கைவினைஞரைக் கூலிக்கு அமர்த்தி, வெளியறையில் தம் பெயரை மாட்டுவது அவருக்கு எளிது. அப்படிச் செய்வதால் அவருடைய வாழ்வு மீளலாம். ஆனால் அந்த வேலையை இதுநாள்வரை உயிர்ப்பித்தவர்களின் வாழ்வு மேலும் ஒரு படி கீழிறங்கும். இம்மடல் கேட்டுக்கொள்வது வேறொன்று. தோலையும் மரத்தையும் மெழுகையும் அறிந்தவரிடம் குருதட்சிணை கொடுத்துக் கற்க வேண்டும். கற்கும் காலத்தில் அவர் அமரும் இடத்தில் அமர வேண்டும். தோலைத் தொட மனம் கூசுமானால் அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். செவியறிவு கலைஞரிடமும் பொருளறிவு கைவினைஞரிடமும் இருக்கையில், இருவரும் பங்காளிகளாக அமர்ந்து செய்யும் வேலை தனியொருவரால் ஆகாத வேலை.

நாகசுரம் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி தருகிறது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்வோரின் கைவினைக்கு 2022-இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் அதன் ஊரோடு பிரிக்க முடியாமல் இணைந்தது என்பதற்கான சட்ட அங்கீகாரம், வழங்கப்பட்டது. அவ்வூர் ரங்கநாத ஆசாரியும் நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையும் (1898–1956) சேர்ந்து உழைத்ததன் பயனாகவே, சுத்த மத்தியமம் பிசகின்றி ஒலிக்கும் பாரி என்னும் நீண்ட வகை நாகசுரம் அமைந்தது. வாசிப்பவர் குறையைச் சொல்ல, செய்பவர் துளையின் இடத்தையும் அளவையும் மாற்ற, மீண்டும் வாசித்துப் பார்க்க என்று நடந்த அந்த உழைப்பில் இரு பெயர்களும் நிலைத்திருக்கின்றன.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். கை பழகச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இத்தொழில் ஒரு குடும்பத்தைத் தாங்காது. செருமனியின் மிட்டன்வால்டில் 1858-இலும், இத்தாலியின் கிரெமோனாவில் 1938-இலும், இங்கிலாந்தின் நியூவார்க்கில் 1972-இலும் வயலின் கைவினைக்கென்றே பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கெல்லாம் இது பாடத்திட்டத்தோடு முறையாகக் கற்பிக்கப்படும் தொழில். லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொதுப்பள்ளி நிர்வாகம் 1959 முதல் மாணவர்களின் வாத்தியங்களை இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் பட்டறையை நடத்துகிறது. அதைப் பற்றி 2023-இல் வந்த ‘தி லாஸ்ட் ரிப்பேர் ஷாப்’ என்னும் குறும் ஆவணப்படம் அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது. அப்படத்தில் வரும் பழுதுபார்ப்பாளர்களுள் ஒருவர், எல்விஸ் பிரெஸ்லியின் நிகழ்ச்சிகளில் மேடையேறிய நாட்டுப்புற இசைக்குழு ஒன்றில் பிடில் வாசித்தவர். மேடையில் இருந்தவர் பள்ளிக் குழந்தையின் வாத்தியத்தைத் திருத்தும் வேலையில் அமர்ந்ததும், அந்த வேலைக்கு அரசு மாதச் சம்பளம் தந்ததும் சேர்ந்தே கவனிக்கத் தக்கவை. தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் இத்தகைய மறுவாழ்வு நிலைக்காது. அதைத் தாங்கும் நிறுவனம் ஒன்று வேண்டும்.

நம் மாநிலத்தில் அரசு இசைக்கல்லூரிகளும் மாவட்ட இசைப்பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றில் மாணவர் கைபட்டுத் தேயும் வீணைகளும் வயலின்களும் மிருதங்கங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு பட்டறை அமைத்து, அதில் பரம்பரைக் கைவினைஞர் ஒருவரை ஆசிரியர் என்ற பதவியிலும் அதற்குரிய ஊதியத்திலும் அமர்த்தி, வாசிப்பை நிறுத்திய கலைஞர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி தர வேண்டும் என்று கேட்பதற்கு எல்லோரையும்விடத் தகுதி உடையவர்கள் இம்மடலைப் பெறும் கலைஞர்களே. கலைஞர் சங்கங்களின் அடுத்த கூட்டத்திலேயே இது தீர்மானமாக வர வேண்டும். அது நிறைவேறும்வரை, அவரவர் ஊரில் மூட்டு கட்டுபவரையும் மேளம் கட்டுபவரையும் தேடிச் சென்று, அவர் இசைந்தால் வாரத்தில் இரண்டு நாள் அவரருகே அமர்ந்து, முதலில் கருவிகளைத் துடைத்து எடுத்துக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம். திருத்தி அனுப்பும் ஒவ்வொரு வாத்தியத்தோடும் என்ன செய்யப்பட்டது, எந்தப் பசை, எந்த மெழுகு, எந்த நாள் என்று எழுதிய சீட்டு ஒன்றை வைத்து, அதில் வேலை செய்த இருவர் பெயரையும், கைவினைஞர் பெயரை முதலாவதாக, எழுத வேண்டும்.